நீரிலிருந்தே அந்நிய உயிரினங்களை அறியும் முறை

வட அமெரிக்காவில் ஹ்யூரான், ஈரி ஆகிய பேரேரிகளுக்கு இடையே அமைந்த செயின்ட் கிளேர் ஏரியில், 1988-ஆம் ஆண்டில் விரல் நகத்தளவே உள்ள ஒரு மட்டி முதன்முதலாகக் காணப்பட்டது. ஓட்டின்மீது வரிகள் உள்ளமையால் அதனை வரிக்குதிரை மட்டி என்பர். ஐரோப்பியக் கப்பல்கள் பாரத்திற்காக நிரப்பி வந்த நீரோடு அதன் கண்ணுக்குத் தெரியாத இளவுயிர்கள் வந்து சேர்ந்தன எனக் கருதப்படுகிறது. சில ஆண்டுகளுக்குள் அது குடிநீர்க் குழாய்களையும் மின்நிலையங்களின் நீர்வழிகளையும் அடைக்கலாயிற்று. பெருகிவிட்ட பின்னர் அதனை அடியோடு ஒழித்தல் இயலவில்லை.

பெருகுமுன் அறிய வழி யாது? நீர்வாழ் உயிர்கள் யாவும் தோல் துகள், கோழை, கழிவு முதலியவற்றை நீரில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் உள்ளது. பிரான்சு நாட்டில் குளத்து நீரைச் சோதித்தே அமெரிக்கக் காளைத்தவளை இருப்பதை அறிந்த செய்தி 2008-இல் வெளியாயிற்று.

இச்சோதனையை விரைவுபடுத்த, அமெரிக்காவிலுள்ள நோட்ர டேம் பல்கலைக்கழக அறிஞர்கள் ஒளியைத் துணைக்கொண்டனர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர் ஆகும். அவர்கள் கையாளும் மணிகளின் பருமன் சில நூறு நானோமீட்டரே. தேடப்படும் உயிரினத்திற்கே உரிய டி.என்.ஏ. துண்டோடு பொருந்தக்கூடிய இணை இழைகளை இம்மணிகளின்மீது பதிப்பர். நீரிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.வை இவற்றோடு கலக்கும்போது, உரிய இழை இருப்பின், பூட்டில் சாவி சேர்வதுபோல் அது ஒட்டிக்கொள்ளும். மணியும் சற்றே பருக்கும். பல அலைநீள ஒளிகளைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறுபுறம் வருகிறதென்று அளந்தால் அப்பருமன் மாற்றம் புலனாகும். அந்நிய இழையாயின் மணி பருக்காது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. உயிரினம் உயிரோடுள்ளதா, இறந்துபட்டதா என்பதை டி.என்.ஏ. கூறாது. பறவையின் எச்சத்தாலும் படகின் ஈரத்தாலும் அது வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம். ஆகவே ஒரு பானை நீரைக்கொண்டு முடிவு கட்டலாகாது. பல இடங்களில், பல முறை எடுத்துச் சோதித்தல் வேண்டும்.

நம் மாநிலத்திலும் இத்தொல்லை உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்கள் காக்கா ஆழி என்று வழங்கும் தென் அமெரிக்க மட்டி அடிமண்ணை மூடி, இறால் பிடிப்பைக் கெடுத்துள்ளது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியின் குஞ்சை நாட்டுக் கெளுத்தியிலிருந்து பிரித்தறிதல் எளிதன்று. மீன்குஞ்சு வாங்கும் ஊராட்சிகள் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்து வைப்பது நலம். ஒரு குளத்து வலையை மற்றொன்றில் இடுமுன் வெயிலில் நன்கு உலர்த்துதலும் வேண்டும்.