புது டூரிங் பைக்கில் பாலம் ஏறும் முன்

சிறிய காப்சாய் பைக் ஓட்டிப் பழகிய கைக்குப் பெரிய ஸ்போர்ட் டூரிங் பைக் முதலில் முரண்டு பிடிக்கும். பிறையிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கிளம்புமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. பிரேக், கிளட்ச் லீவர்களை விரலுக்கு எட்டும்படி திருகி வையுங்கள். நெரிசலில் மணிக்கட்டு வலிக்காது.

2. முதல் 1,000 கி.மீ. வரை ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்காதீர்கள். ஒரே வேகத்திலும் நெடுநேரம் போகாதீர்கள். பிஸ்டன் ரிங் நன்றாகப் படியும்.

3. புது டயரில் முதல் 150 கி.மீ. வளைவில் அதிகம் சாயாதீர்கள். மேற்பரப்பு சற்றுத் தேயும்வரை வழுக்கும்.

4. டயர் காற்றை ஓட்டும் முன்பே பாருங்கள். சூடான டயர் அளவைக் கூட்டிக் காட்டும்.

5. பின்னால் ஆளோ பெட்டியோ ஏறினால் பின் சஸ்பென்ஷன் ப்ரீலோடைக் கூட்டுங்கள். இல்லையேல் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு வானம் பார்க்கும்.

6. மழையில் ‘ரெயின்’ மோடுக்கு மாற்றுங்கள். இழுவிசை மெதுவாக வருவதால் பின்சக்கரம் சறுக்குவது குறையும்.

7. 13.5 கி.மீ. பினாங்குப் பாலத்தில் பக்கக்காற்று அடித்தால் முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்துங்கள். கை இறுகினால் வண்டி ஆடும்.

8. எக்ஸாஸ்ட், இசியு மாற்றுமுன் வாரண்டி விதியைப் படியுங்கள். சத்தம் கூடினால் சம்மனும் வரும்.

பி2 உரிமம் 250 சிசி வரைதான். 500 சிசிக்கு மேல் ஓட்ட ‘பி’ உரிமம் கட்டாயம்.