பைதன் படிக்கும் பிள்ளைக்குக் கைநூல் திறக்கும் முறை



நம் தோட்டங்களில் பல குடும்பங்களுக்கு வன்னியில் சொந்தபந்தம் உண்டு. 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே படிக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் நடக்கிறது. அதே அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 இல் திறக்கப்பட்டது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. நாளை உங்கள் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைக்கலாம்.

கணினி படிக்கப் போகும் பிள்ளைக்குச் செய்நிரல் மொழி தெரிய வேண்டும். கொம்பியூட்டருக்கு வேலை சொல்வதற்கான மொழி அது. நம் நாட்டில் க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் பைதன் என்ற மொழி இருக்கிறது. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரொசம் 1991 இல் இதை வெளியிட்டார். இதற்குக் காசு இல்லை. இதன் கைநூலுக்கும் காசு இல்லை.

"நம்ம புள்ளைக்கு இங்கிலீஷ் சரியா வராதுங்களே, அந்தப் புத்தகத்த எப்புடிப் படிக்கும்? கிளாசுக்கு அனுப்பித்தானே ஆகணும்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. நல்ல ஆசிரியர் கிடைத்தால் அனுப்புங்கள். ஆனால் ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பிள்ளைக்குத் துணை கைநூல்தான். அதைத் திறக்கத் தெரிந்த பிள்ளை நோட்ஸ் இல்லாத இடத்திலும் நின்றுவிடாது. எப்படித் திறப்பது என்பதை ஒரு கொழுந்துக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

1. கணக்கு

அம்மா காலையில் 8 கிலோ, பகலில் 11 கிலோ, அந்தியில் 7 கிலோ எடுத்தார். மூன்று நிறுவையையும் கூட்டினால் 26. இதைக் கூட்டுவதற்குப் பிள்ளை பைதனில் ஒரு செய்நிரல் எழுதுகிறது. "இன்புட்" என்ற கட்டளையால் மூன்று எண்களையும் வாங்கி, கூட்டல் குறி போட்டு விடையைக் கேட்கிறது. திரையில் வருவது 26 அல்ல, 8117!

எட்டையும் பதினொன்றையும் ஏழையும் கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டது. இங்கே கொம்பியூட்டர் பிழை என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தவறான விடையைத் தைரியமாகக் காட்டியது. சம்பளக் கணக்கில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது கைநூலைத் திறப்போம். பைதனுக்குள்ளேயே "ஹெல்ப்" என்று தட்டி, அடைப்புக்குறிக்குள் "இன்புட்" என்று எழுதி என்டர் கொடுங்கள். இந்தக் கட்டளை ஒரு "ஸ்ட்ரிங்"கை வாசிக்கும் என்று விளக்கம் வரும். ஸ்ட்ரிங் என்றால் எழுத்துச் சரம். நாம் 8 என்று தட்டினாலும் பைதன் அதை எண்ணாக எடுக்கவில்லை, எழுத்தாகத்தான் எடுத்திருக்கிறது. எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டத்தான் செய்யும். வாங்கிய ஒவ்வொன்றையும் "இன்ட்" என்ற கட்டளைக்குள் போட்டு முழு எண்ணாக்கினால் 26 வரும்.

மறுநாள் காலை நிறுவை எட்டரைக் கிலோ. 8.5 என்று தட்டியதும் "வேல்யூ எரர்" என்று வந்து செய்நிரல் நின்றுவிடுகிறது. பயப்பட வேண்டாம். பிழைச் செய்தி நீளமாக வந்தால் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். பிழையின் பெயர் அங்கேதான் இருக்கும். அந்தப் பெயரைக் கைநூலில் தேடினால், கொடுத்த பொருளின் வகை சரி, மதிப்புத்தான் பொருந்தவில்லை என்று விளக்கம் கிடைக்கும். தசம எண்ணுக்கு இன்ட் பொருந்தாது, "ஃபுளோட்" வேண்டும்.

2. கைநூலில் எது எங்கே?

கைநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை யாரும் படிப்பதில்லை. அதன் முக்கிய பகுதிகள் மூன்று.

டியூட்டோரியல்: பாடம். புதிதாகத் தொடங்குபவர் வரிசையாகப் படிக்க வேண்டியது இது ஒன்றுதான். ஒவ்வொரு உதாரணத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்தால் மனதில் நிற்காது.

லைப்ரரி ரெஃபரன்ஸ்: அகராதி மாதிரி. ஒரு கட்டளை எதை வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்பது இங்கே இருக்கும். தேவையான நேரத்தில் திறந்து, தேவையானதைப் பார்த்து, மூடிவிடலாம்.

லேங்குவேஜ் ரெஃபரன்ஸ்: மொழியின் இலக்கணம். தொடக்கத்தில் இது வேண்டாம். ஒரு வருடம் போகட்டும்.

3. எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

கைநூல் பக்கத்தின் மேலே பதிப்பு எண் போட்டிருக்கும். இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பைதன் 3 என்ற பதிப்பு 2008 இல் வந்தது. பழைய பைதன் 2 க்கான ஆதரவு 2020 தொடக்கத்தோடு முடிந்தது. பைதன் 2 இல் அதே இன்புட் கட்டளைக்கு 8, 11, 7 என்று கொடுத்தால் 26 தான் வரும். அந்தப் பதிப்பில் அது எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே அண்ணன் படித்த பழைய நோட்ஸைத் தம்பி பார்த்து எழுதினால் 8117 வரலாம். நோட்ஸ் எழுதியவர் பொய் எழுதவில்லை. காலம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

4. அடிக்கடி வரும் சொற்கள்

கைநூலின் இங்கிலீஷ் கதைப்புத்தக இங்கிலீஷ் மாதிரி இல்லை. சில சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஆர்கியுமென்ட்: கட்டளைக்கு நாம் கொடுக்கும் பொருள்.
ரிட்டர்ன்: கட்டளை திருப்பித் தருவது.
ஒப்ஷனல்: கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம்.
டிஃபோல்ட்: நாம் ஒன்றும் கொடுக்காவிட்டால் அதுவாக எடுத்துக்கொள்வது.
ரெய்ஸ்: இப்படி நடந்தால் இந்தப் பிழை எழும்பும்.
டெப்ரிகேட்டட்: பழசாகிவிட்டது, இனிப் புதிதாகப் பாவிக்க வேண்டாம்.

புதிய சொல் வரும்போது அதே கொப்பியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் முழுவதும் படித்து முடித்த பிறகுதான் கைநூலைத் தொடுவேன் என்று காத்திருக்கத் தேவையில்லை.

5. லைன் இல்லாத வீட்டில்

லயத்தில் சிக்னல் கிடைக்காது, டேட்டா போடக் காசு இருக்காது. வன்னியிலும் உள்கிராமங்களில் இந்தக் கஷ்டம் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. பைதன் கைநூல் முழுவதையும் அதன் உத்தியோகபூர்வ இணையத்தளத்திலிருந்து ஒரே பொதியாக இறக்கி வைக்கலாம். பாடசாலையிலோ டவுனிலோ ஒரு தடவை இறக்கி, பென் டிரைவில் பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். இப்படிப் பகிர்வது களவு இல்லை, அதற்கு அனுமதி உண்டு. மேலே சொன்ன "ஹெல்ப்" கட்டளைக்கும் இணையம் தேவையில்லை.

6. தமிழில் என்ன இருக்கிறது?

தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் தமிழிலும் உண்டு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து கணியம் என்ற மின்னிதழ் 2012 முதல் கணினிப் பாடங்களைத் தமிழில் இலவசமாகத் தருகிறது. முத்து அண்ணாமலை என்பவர் "எழில்" என்றொரு செய்நிரல் மொழியையே தமிழில் உருவாக்கியிருக்கிறார். அதில் திரையில் காட்டு என்பதற்குப் "பதிப்பி" என்று எழுத வேண்டும். சிறு வகுப்புப் பிள்ளைக்குச் செய்நிரல் என்றால் என்னவென்று விளங்க இது நல்ல தொடக்கம். தமிழில் விளங்கிக்கொண்டு, பிறகு இங்கிலீஷ் கைநூலில் சரிபார்ப்பதே நல்ல முறை.

7. பெற்றோர் செய்யக்கூடியது

கொம்பியூட்டர் தெரியாத அப்பா அம்மாவும் உதவலாம். பிள்ளை "வரலம்மா" என்று சலித்தால், "கடைசி வரியில என்ன எழுதியிருக்கு? புத்தகத்துல பாத்தியா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். கிளாசுக்குக் காசு கட்டுமுன், "கைநூல் பார்க்கப் பழக்குவீங்களா, எந்தப் பதிப்பு படிப்பிக்கிறீங்க?" என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பயிற்சி

அரைக் கிலோவை முழுக் கிலோவாக்க பைதனில் "ரவுண்ட்" என்ற கட்டளை உண்டு. அதற்குள் 27.5 போட்டால் 28 வரும். 26.5 போட்டால் 27 வராது, 26 தான் வரும். ஒரு நாள் அரைக் கிலோ கூடுகிறது, மறுநாள் அரைக் கிலோ குறைகிறது! ஏன்? லைப்ரரி ரெஃபரன்ஸில் ரவுண்ட் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே "ஈவன்" என்ற சொல்லைத் தேடுங்கள். இரட்டைப்படை என்று பொருள். காரணத்தை உங்கள் சொந்த வார்த்தையில் கொப்பியில் எழுதி, வீட்டில் அம்மாவுக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.