வேன் போடும் சத்தம் என்ன சொல்கிறது?



காய்கறி, பால், கயிறு, செங்கல் என்று சரக்கு ஏற்ற பழைய டீசல் வேன் வாங்கி ஓட்டுகிற குழுக்கள் நம்மில் உண்டு. கடன் போட்டு வாங்கிய வண்டி. வண்டி நின்றால் வருமானம் நிற்கும், ஆனால் தவணை நிற்காது. பட்டறையில் "அக்கா, என்ஜினை இறக்கித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டால் நமக்கு மறுபேச்சு வருவதில்லை. நாம் மெக்கானிக் ஆக வேண்டாம். எந்தச் சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும், சரியான கேள்வி கேட்கலாம். இந்த மாதப் பாடம் அதுதான்.

டீசல் என்ஜின் ஏன் சத்தம் போடுகிறது?

பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் தீ மூட்டும். டீசலில் அது கிடையாது. உள்ளே வந்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்தும்போது காற்று கொதிக்கிறது. அதில் நாசில் டீசலைப் பீச்சியதும் தானே பற்றிக்கொள்கிறது. அதனால் 'டக டக' சத்தம் டீசலுக்கு இயற்கை. காலையில் குளிர்ந்த என்ஜினில் கொஞ்சம் அதிகமாக இருக்கும், சூடானதும் குறையும். அதேபோல, 2005-ல் வந்த டாடா ஏஸ் போன்ற 2 சிலிண்டர் வண்டி, 4 சிலிண்டர் வண்டியை விடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆடும். நம் வண்டியின் வழக்கமான சத்தத்தை முதலில் காதில் பதிய வைப்போம். அதில் மாற்றம் வந்தால்தான் கோளாறு.

முதல் கேள்வி: என்ஜினா, ஓட்டமா?

வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே அதிர்வு வந்தால் கோளாறு என்ஜின் பக்கம். நிற்கும்போது இல்லாமல் ஓடும்போது மட்டும் வந்தால், ஒரே வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி ஆடினால் அது பெரும்பாலும் டயர், வீல் அல்லது பின்னால் போகும் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட். அதற்கு என்ஜினைத் தொடவே வேண்டாம்.

கிளட்ச்சை மிதித்தால் சத்தம் வருகிறதா? கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மிதித்தால் சத்தம் நிற்கிறதா? கியர்பாக்ஸ் பேரிங்காக இருக்கலாம்.

நின்ற இடத்தில் ஆடினால்

ஸ்டார்ட் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் வண்டியே குலுங்கினால் என்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். வெடித்திருக்கலாம், ஆயிலில் ஊறி மெலிந்திருக்கலாம். இது சின்னச் செலவு.

இழுவை குறைந்து, ஸ்லோவில் தட்டுத் தடுமாறி ஆடினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. நாலு பேர் நெல் மூட்டை தூக்கும்போது ஒருத்தி கையை விட்டால் எப்படி ஆடுமோ, அப்படித்தான். டீசல் ஃபில்டர் அடைப்பு, டீசல் லைனில் காற்று, நாசில் கோளாறு, டேப்பட் இடைவெளி இவற்றைப் பார்த்த பிறகுதான் கம்ப்ரஷன் குறைவைப் பற்றிப் பேச வேண்டும்.

சத்தத்தின் வகை

• மேலே 'டிக் டிக்' என்று லேசான சத்தம்: டேப்பட். இடைவெளி சரிசெய்தால் தீரும்.
• 'கீச்' சத்தம்: ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப் அல்லது ஆல்டர்னேட்டர் பேரிங். பெல்ட்டைக் கழற்றிச் சில நொடி மட்டும் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.
• 'புஸ் புஸ்' என்று காற்று கசியும் சத்தம்: சைலன்சர் பைப் இணைப்பு, நாசில் உட்காரும் இடம் அல்லது ஹெட் கேஸ்கட்.
• கீழே இருந்து 'டொம் டொம்' என்று கனமாக, லோடு ஏறும்போது அதிகமாக வந்தால்: கனெக்டிங் ராட் பேரிங் அல்லது மெயின் பேரிங். ஆயில் பிரஷர் விளக்கும் எரிந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். "பக்கத்து ஊர்தானே, போயிடலாம்" என்று ஓட்டினால் சில நூறுகளோடு முடியாது, கிராங்க் ஷாஃப்டே போய்விடும்.

என்ஜினை இறக்கும் முன் ஒரு சோதனை

பழைய பம்ப் வண்டியில் மெக்கானிக் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்திப் பார்ப்பார். எதைத் தளர்த்தினால் என்ஜின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. எதைத் தளர்த்தினால் 'டக்' என்ற அடி குறைகிறதோ, அடி அந்த சிலிண்டரில் இருக்கிறது.

இங்கேதான் நாம் கேட்க வேண்டும்: "அண்ணே, அந்த நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாத்திப் போட்டுப் பாருங்க." அடியும் கூடவே இடம் மாறினால் குற்றம் நாசிலில்தான். நாசில் சர்வீஸோடு வேலை முடியும். அடி பழைய இடத்திலேயே நின்றால் கோளாறு உள்ளே, பேரிங்கிலோ பிஸ்டனிலோ. அப்போது என்ஜினைப் பிரிப்பது நியாயம். கால் மணி நேரச் சோதனையும் நாசிலைக் கழற்றி மாட்டும் வேலையும் பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றக்கூடும்.

எச்சரிக்கை: நாசில் பைப்பில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவு அழுத்தம் உள்ளது. நாம் கை வைக்கக் கூடாது. புதிய சி.ஆர்.டி.ஐ. வண்டிகளில் இந்தச் சோதனையை மெக்கானிக்கும் செய்யக் கூடாது. ஓடும் என்ஜின் பக்கம் போகும்போது முந்தானையைச் செருகி, பின்னலை முடிந்துகொள்ளுங்கள்.

புகையையும் பாருங்கள்

கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் ஃபில்டர். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. வண்டிக்கு ஒரு நோட்டு போடுங்கள். சத்தம் எப்போது வந்தது, குளிரிலா சூட்டிலா, லோடோடா காலியாகவா என்று டிரைவர் தம்பி எழுதட்டும்.
2. ஆயில் அளவு, தண்ணீர், பெல்ட், மவுண்டிங் நட்டு இவற்றை வாரம் ஒருமுறை ஒரு உறுப்பினர் பார்க்கட்டும்.
3. பெரிய செலவு என்றால், என்னென்ன சோதனை செய்தார்கள் என்று கேட்டு, இன்னொரு பட்டறையிலும் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே பணம் எடுங்கள்.

கணக்கு நோட்டைப் படிக்கக் கற்றுக்கொண்ட நமக்கு, வண்டிச் சத்தத்தைப் படிப்பதும் வசப்படும்.