பழைய ஹெரால்டு கார் வாங்குவோர் அறிய வேண்டுவன

‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது இரண்டே இருக்கைகளும், திறந்த மேற்பகுதியும், தரையை ஒட்டித் தாழ்ந்த உடலும் கொண்ட அயல்நாட்டு ஊர்தியே ஆகும். திண்டுக்கல் சமவெளியில் பிறந்து, பேருந்திலும் சைக்கிளிலும் கல்லூரிக்கு வரும் நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். உறவு உண்டு. அது சென்னை வண்டலூர் வழியாக வந்த உறவு.

இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் நிறுவனம் 1959ஆம் ஆண்டில் ‘ஹெரால்டு’ என்னும் சிறு காரை வெளியிட்டது. அதன் உருவத்தை அமைத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி. அக்காலத்தில் மற்ற பல சிறு கார்கள் தனிச் சட்டத்தைக் கைவிட்டு, உடலே சட்டமாக அமையும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் லாரியைப் போலத் தனிச் சேஸிஸ் மீது உடலைப் பகுதி பகுதியாகப் போல்ட்டு போட்டு முடுக்கிய கார். இந்தப் பழமையே பிற்பாடு அதற்குப் பெருமை தேடித் தந்தது. 1962இல் அதே சேஸிஸின் சக்கர இடைவெளியை 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாகக் குறைத்து, இரண்டு இருக்கை வைத்து, ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை அந்நிறுவனம் உருவாக்கியது. முன்சக்கர அமைப்பு, ஸ்டீயரிங், பின் அச்சு ஆகியவை அனைத்தும் ஹெரால்டிலிருந்து வந்தவையே.

அந்த ஹெரால்டைத்தான் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 948 சி.சி. என்ஜினுடன் நம் நாட்டில் தயாரித்தது. இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் பின்னர் இங்கே செய்யப்பட்டது. 1972இல் வந்த ‘கெஸல்’ அதன் வழித்தோன்றல்; அதுவும் 1977உடன் நின்றது. ஆகவே நம் பக்கத்தில் ஏதேனும் ஒரு தோட்டத்து வீட்டில், புளியமரத்தடியில், கோழி முட்டையிடும் இடமாகக் கிடக்கும் ஹெரால்டு ஸ்பிட்ஃபயரின் உடன்பிறந்த அக்காள் என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ 35 குதிரைத்திறனே உள்ள அந்த என்ஜினைக் கொண்டு யாரும் பந்தயம் ஓட முடியாது. ஆனால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அந்தத் துடிப்பு மற்ற கார்களுக்கு வாராது.

இனி வாங்குவதைப் பற்றிக் காண்போம். அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்குகிறவர் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. தண்ணீரைக் குடிக்க வைத்து எடை காட்டுகிறார்களோ என்ற ஐயம் அவருக்கு எப்போதும் உண்டு. பழைய கார் விற்பவரின் தண்ணீர் பட்டியும் பெயிண்டும் ஆகும். ஆகவே பளபளப்பைப் பார்த்து மயங்காமல் ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். தகடு உள்ள இடத்தில் அது ஒட்டும்; பட்டி கனமாகப் பூசிய இடத்தில் நழுவும். இருப்பினும் ஹெரால்டைப் பொறுத்தவரை உடல் இரண்டாம் பட்சமே. மட்கார்டு முதல் பின்பகுதி வரை போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். நல்ல டிங்கர் ஒருவர் கிடைத்தால் போதும். சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் அப்படி எளிதில் முடியாது.

சேஸிஸைக் காணக் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். நடுத் தண்டிலிருந்து இருபுறமும் கைகள் போல நீண்டிருக்கும் சட்டங்களே முதலில் அரிபடும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நலம், புஸ் என்று உள்ளே போனால் திரும்பி வந்துவிடலாம். நம் மாவட்டத்தின் வறண்ட காற்று இவ்வகையில் நமக்குப் பெரும் உதவி. கடற்கரை ஊர்களில் ஓடிய காரும் இங்கேயே ஓடிய காரும் ஒரே ஆண்டில் பிறந்திருந்தாலும் சேஸிஸின் வயது ஒன்றாக இராது. கதவு இடுக்கையும் நோக்குக. மேலே அகன்றும் கீழே நெருங்கியும், அல்லது மாறியும் இருந்தால் சேஸிஸ் வளைந்திருக்கிறது என்று பொருள்.

என் வகுப்புத் தோழர் ஒருவரின் தாய்மாமா, சீட்டுப் பணத்தை எடுத்து இத்தகைய கார் ஒன்றை வாங்க முன்வந்தபோது நாங்கள் இருவரும் உடன் சென்றோம். வெளியூர் வியாபாரி ஒருவரின் கார். மேலே குங்கும நிறப் பெயிண்ட், அடியில் புதிதாகப் பூசிய தார். ஐம்பது ஆண்டு ஆன காருக்கு அடியில் மட்டும் ஏன் புதுத் தார் என்று மாமா கேட்டார். வியாபாரி “பாதுகாப்புக்குத்தான் அண்ணே” என்றார். ஒரு கையகல இடத்தில் தாரைச் சுரண்டினோம். கீழே இரும்புக்குப் பதில் கண்ணாடி நாரும் பட்டியும் இருந்தன. மாமா ஒன்றும் பேசாமல் ஸ்குரூ டிரைவரை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். அந்தப் பணம் அவர் மகளின் படிப்புக்காகச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி என்பதை வரும் வழியில்தான் சொன்னார்.

தாள்களைப் பற்றி ஒரு சொல். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் காரில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பழைய கார்களில் வேறு என்ஜின் ஏற்றி, அதைப் பதிவு செய்யாமல் விடுவது அரிதன்று. பதினைந்து ஆண்டுக்குப் பின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கான இக்கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக 2022 ஏப்ரலில் உயர்ந்தது. அதன் பின்பும் மிகப் பழைய வண்டிகளுக்குக் கூடியிருக்கிறது. பல ஆண்டுகள் புதுப்பிக்காத காரை ‘சும்மா கிடைக்கிறது’ என்று வாங்கினால் நிலுவை அனைத்தும் நம் தலையில் விழும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள்; வெளி மாநில வண்டியானால் தடையில்லாச் சான்றுக்கு 28 எண் படிவம். ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கென்று 2021இல் ‘விண்டேஜ்’ பதிவு முறையும் வந்துள்ளது. ஹெரால்டுகள் அனைத்தும் அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆனால் அவ்வாறு பதிந்த காரை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த இயலாது. ஆகவே எந்த வகையில் பதிவு இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெளிவது நன்று.

என்ஜினை ஆராய ஒரு எளிய சோதனை உண்டு. ஒருவர் உள்ளே அமர்ந்து கிளட்சை மிதிக்க, மற்றொருவர் முன்பக்கம் குனிந்து கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் தண்டு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அதைத் தடுத்து நிறுத்துபவை அரைநிலா வடிவமான இரண்டு மெல்லிய தகடுகள் மட்டுமே. இடைவெளி ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். அதாவது கண்ணுக்கு அசைவு தெரியவே கூடாது. புல்லி முன்னும் பின்னும் ஆடுவது தெரிந்தால் தகடு தேய்ந்துவிட்டது. அது கழன்று விழுந்தால் கிராங்க் தண்டு என்ஜின் பிளாக்கையே அரைத்துவிடும். இவ்வளவு பெரிய எந்திரத்தின் உயிர் இவ்வளவு சிறிய தகட்டில் இருப்பதை எண்ணி நான் வியந்ததுண்டு.

ஹெரால்டைப் பராமரிப்பதில் தலையாயது முன்சக்கரத்தின் கீழ் மூட்டு. இதை ‘ட்ரனியன்’ என்பர். வெண்கலக் கட்டை ஒன்றினுள் எஃகுத் தண்டின் மரை திருகியிருக்கும். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சிறிதே ஏறி இறங்குகிறது. இதற்கு இட வேண்டியது 90 எண் கியர் ஆயில், கிரீஸ் அன்று. ஆனால் அங்கே நிப்பிளைக் கண்டதும் பட்டறைப் பையன்கள் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுகிறார்கள். கிரீஸ் நாளடைவில் இறுகி வழியை அடைக்கிறது. மழைநீர் உள்ளே தங்கி மரையை அரிக்கிறது. முடிவில் தண்டு முறிந்து, சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும். இம்முறிவு பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது நேர்வது ஓர் ஆறுதல். மலைப்பாதையில் நேர்ந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு கிரீஸ் கன்னைக் கழுவி அதில் கியர் ஆயிலை நிரப்பி, எண்ணெய் மேலே கசியும் வரை அடித்தால் போதும். செலவு ஒரு டீ, வடைக்கு ஆகும் காசைவிடச் சற்றே அதிகம். காரை வாங்கிய அன்றே தண்டைக் கழற்றிப் பார்த்து மரையில் துரு இருந்தால் மாற்றிவிடுவது அறிவுடைமை.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த வினா. இங்கேதான் ஸ்போர்ட்ஸ் கார் உறவு கைகொடுக்கிறது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்ற கார்; அதை நேசித்து ஓட்டுவோர் இங்கிலாந்தில் இன்றும் பலர். அவர்களுக்காக ட்ரனியன், தண்டு, தகடு முதலியன இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. தங்கையின் சீர்வரிசையில் அக்காளும் பிழைக்கிறாள். புஷ் போன்றவற்றை மதுரை, கோவை லேத் பட்டறைகளிலேயே கடைந்துகொள்ளலாம். பெட்ரோலைக் குறித்தும் கவனம் வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு நின்றது. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியிருக்கிறது. எத்தனால் பழைய ரப்பரை ஊறச் செய்து கெடுக்கும். ஆதலால் பெட்ரோல் குழாய்களையும் பம்பின் ரப்பரையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றிவிட வேண்டும். கசிந்த பெட்ரோல் சூடான என்ஜின் மீது சொட்டினால் கார் எரிந்துவிடும்.

இறுதியாகப் பின் அச்சு. இயற்பியல் படிப்போர்க்கு இது நல்ல பாடம். ஹெரால்டின் பின் அச்சின் இரு பாதிகளும் நடுவில் மட்டுமே கீல் போலப் பிணைந்தவை. வளைவில் வேகமாகச் செல்லும்போது திடீரென ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ எடை முன்னே சாய்ந்து பின்பகுதி எழும்புகிறது. எழும்பும்போது சக்கரங்களின் அடிப்பாகம் உள்நோக்கி மடங்குகிறது. வெளிச் சக்கரம் தன் டயரின் விளிம்பில் மட்டும் நிற்க, பிடிப்பு போய்க் காரின் வால் சுழல்கிறது. நால்வர் ஏறிய காரில் இந்த அபாயம் குறைவு. தனியாக ஒருவர் ஓட்டும் காரிலேயே அதிகம். எடை கூடியதும் அச்சு தாழ்ந்து சக்கரங்கள் காலை அகட்டி நிற்பதே காரணம். 1970இல் ஸ்பிட்ஃபயரில் ஸ்பிரிங்கை மாற்றி இக்குறையைத் தணித்தார்கள். நம் கெஸலில் சாதாரண அச்சையே வைத்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் பட்டறைகளில் குண்டும் குழியுமான சாலைக்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்துக் காரைத் தூக்கி நிறுத்தும் வழக்கம் உண்டு. அம்பாசடருக்கு அது பொருந்தலாம். ஹெரால்டுக்கு அது நஞ்சு. வாங்கப் போகும் காரின் பின்னே பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சக்கரங்கள் நிமிர்ந்தோ, மேலே சற்று உட்சாய்ந்தோ இருக்க வேண்டும். அடிப்பாகம் உள்ளே ஒடுங்கியிருந்தால் கூடுதல் பட்டையை எடுத்த பிறகே காரை வெளியே எடுக்க வேண்டும்.

நத்தம் சாலையிலிருந்து பிரிந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது ரேடியேட்டர் கொதித்தால், பானெட்டை மட்கார்டோடு முன்னே கவிழ்த்துவிட்டு, முன் டயர் மேல் உட்கார்ந்து ஆறவிடலாம். இவ்வசதி வேறு எந்தக் காரிலும் எனக்குக் கிட்டியதில்லை. சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கலாகாது. இறங்கும்போது வளைவு தொடங்குமுன்பே பிரேக்கை அழுத்தி, இரண்டாம் கியருக்கு மாற்றி, வளைவினுள் ஆக்சிலரேட்டரை மெல்ல ஒரே அளவாகப் பிடித்தவாறே திரும்ப வேண்டும்.