நஞ்சை மருந்தாக்கிய ஆய்வு

கீமோதெரபி மருந்துகள் விரைந்து பெருகும் நல்ல செல்களையும் தாக்குவதால் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது. நோயுற்ற செல்லைத் தேடிச் செல்லும் மருந்து இல்லையா என நாம் கேட்கிறோம்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறிவியலாளர் ஐரா பாஸ்டன் இவ்வழியில் நெடுங்காலம் ஆராய்ந்தார். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் நச்சு, செல்லினுள் புகுந்து புரத உற்பத்தியை நிறுத்தி அதனைக் கொல்லும். அந்நச்சில் செல்களைப் பற்றும் பகுதியை நீக்கி, எதிர்ப்பொருளின் துண்டு ஒன்றை அவர் குழுவினர் இணைத்தனர். அத்துண்டு, பி வகை வெள்ளணுக்களின் மேலுள்ள சிடி22 என்னும் புரதத்தைப் பற்றும். நலமான பி அணுக்களும் அழியும். ஆனால் அவற்றை ஈனும் மூலச்செல்களில் சிடி22 இல்லாமையால் அவை மீண்டும் தோன்றும்.

இவ்வாறு உருவான மோக்செட்டுமோமாப் பாசுடோடாக்ஸ், ஹேரி செல் லுக்கேமியா என்னும் அரிய இரத்தப் புற்றுநோய் பிற சிகிச்சைகளுக்குப் பின்னும் தொடர்ந்தவர்களுக்காக 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும் இரத்த நுண்குழாய்களில் நீர்க்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகிய இடர்கள் இருந்தமையால் நெருங்கிய கண்காணிப்பு தேவைப்பட்டது. பயன்படுத்தியோர் மிகச் சிலரே. 2023இல் விற்பனை நின்றது.

நாம் கற்பது யாது? குறிவைத்துத் தாக்கும் மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. எனவே எம்மருந்தாயினும், திடீர் எடைக்கூடுதல், வீக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் தெரிவிப்போம்.