சாவியைக் கொடுக்கும் முன்

"கடைக்குத்தானே போறான், அஞ்சு நிமிஷத்துல வந்துடுவான்" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் பைக் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அந்த ஐந்து நிமிடத்தில் அவன் எதிரே பள்ளி பஸ் நிற்கலாம், பின்னால் ஆம்புலன்ஸ் வரலாம். சட்டம் சொல்வதைக் குடும்பமாக உட்கார்ந்து படிப்போம்.

1. பள்ளி பஸ்

2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதே ஆண்டு தமிழக அரசு பள்ளி பஸ்களுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் இருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளியில் கேளுங்கள்.

நம் பங்கும் உண்டு. பஸ் நிற்கும் பக்கத்திலேயே காத்திருங்கள். எதிர்ப்புறம் நின்று "வா" என்று கை காட்டினால், பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால் ஓடி வரும். பஸ்ஸைத் தாண்டி வரும் வண்டிக்காரருக்கு அது தெரியாது. நிற்கும் பள்ளி பஸ்ஸைக் கடக்கும்போது நாமும் வேகத்தைக் குறைப்போம்.

2. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி

சைரன் கேட்டதும் இடப்புறம் ஒதுங்கி வழிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-இ இன்படி, வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் தெருவை அடைத்து வண்டி நிறுத்துவோரும் இதை நினைவில் வைக்கவும்.

3. வேகம்

40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். 60-இல் கிட்டத்தட்ட 17 மீட்டர். பிரேக்கில் கால் வைக்கும் முன்பே இவ்வளவு தூரம் போய்விடும். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். நோன்பு திறக்க விரைபவர்கள் பாதையில் ஒரு பேரீச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள், வேகம் வேண்டாம்.

சாவி யார் பொறுப்பு?

உரிமம் இல்லாத, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பிரிவு 199-ஏ இன்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

வீட்டில் பேச: நம் வீட்டுச் சாவி எங்கே தொங்குகிறது? அதை எடுக்க யாருக்கு அனுமதி?

அனைவரும் நலமாக வீடு திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக.