பி.டி. பீரியடுக்கு வரும் அண்ணன்களும் அக்காக்களும்

தொடக்கப் பள்ளியில் கால அட்டவணையில் பி.டி. பீரியட் இருக்கும், பி.டி. சார் இருக்க மாட்டார். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பள்ளிக்கும் மைதானம் வேண்டும் என்கிறது. உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியரையோ ஆறாம் வகுப்பிலிருந்துதான் கேட்கிறது, அதுவும் பிள்ளைகள் 100 பேருக்கு மேல் இருந்தால். ஓடியாடும் ஆசை மிகுந்த வயதில் சொல்லித்தர ஆளில்லை என்பது உடற்கல்வி ஆசிரியரான எனக்குப் பெரிய வருத்தம். அதனால்தான் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். பத்தாம் வகுப்பைத் தொடுவதில்லை, பொதுத்தேர்வு இருக்கிறது. இரண்டு தலைமையாசிரியர்களின் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, மைதானத்தில் வகுப்பாசிரியர் ஒருவர்: இவை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

யாரை அழைத்துப் போவது? மாவட்டப் போட்டியில் ஆடும் பிள்ளைதான் வேண்டும் என்பதில்லை. நன்றாக ஆடுகிறவர்கள் பல நேரம் ஆடிக் காட்டுவார்கள், குழந்தைகள் வாய் பார்த்து நிற்பார்கள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை, குனிந்து குழந்தையின் முகம் பார்த்துப் பேசுகிற பிள்ளை போதும். அக்காக்கள் முன்னே நின்று கோகோ நடத்தினால் ஒதுங்கி நிற்கும் சிறுமிகளும் தாமாக வந்து உட்கார்கிறார்கள்.

கிளம்புமுன் அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. யாரையும் குட்டக் கூடாது, தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடக் கூடாது. பெரியவர்களான நம்மிடம் பார்த்ததைத்தான் பிள்ளைகள் அங்கே செய்வார்கள். ஓடுவதே தண்டனை என்று ஏழு வயதில் மனதில் பதிந்தால், அந்தக் குழந்தையைப் பிறகு மைதானத்துக்குக் கூட்டி வருவது கடினம்.

அடுத்தது ‘அவுட்’. ஓடிப்பிடித்து ஆட்டத்தில் முதலில் அவுட் ஆவது மெதுவாக ஓடும் குழந்தை. அதற்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை, அதையே ஓரமாக உட்கார வைக்கிறோம். எங்கள் ஆட்டத்தில் தொடப்பட்டவர் பத்து எண்ணும்வரை நொண்டியடித்துவிட்டு மறுபடி ஓடலாம். கபடியில் மண் தரை என்பதால் பிடித்து இழுப்பது கிடையாது, தொட்டாலே புள்ளி. முப்பது குழந்தைகளுக்கு ஒரு பந்தைக் கொடுத்து வரிசையில் நிறுத்துவதும் கூடாது. ஆறேழு பேருக்கு ஓர் அண்ணன் அல்லது அக்கா என்று பிரித்துவிட்டால் யாரும் சும்மா நிற்க வேண்டியதில்லை.

கோகோவை அப்படியே இறக்கினால் குழம்பிவிடும். விரட்டும் அணியில் எட்டுப் பேர் மாறி மாறித் திசை பார்த்து உட்கார வேண்டும், ஒன்பதாமவர் விரட்ட வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, எடுத்த திசையிலிருந்து திரும்பக் கூடாது. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு இத்தனையும் ஒரே நாளில் ஏறாது. முதல் வாரம் உட்காருவதும், முதுகில் தொட்டுக் ‘கோ’ சொல்வதும் மட்டும். அது பழகியபின் நடுக்கோடு, திசை விதி அதற்கும் பிறகு. களத்தையும் பாதியாகச் சுருக்கிவிடுங்கள். 27 மீட்டர் நீளம் சின்னக் கால்களுக்கு அதிகம். விளக்கம் அரை நிமிடத்தைத் தாண்டினால் குழந்தைகள் மண்ணில் கோலம் போடத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே சொல்வதைவிடச் செய்து காட்டச் சொல்கிறேன்.

பல குழந்தைகள் வெறுங்காலோடு வருவார்கள். ஆட்டத்துக்கு முன் பெரிய பிள்ளைகள் வரிசையாக நடந்து முள், கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிவிட வேண்டும். வெயில் தணிந்த கடைசி பீரியட்தான் சரி. கால் மணிக்கொரு முறை தண்ணீர்.

முடிந்ததும் பெரிய பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேட்பேன்: “இன்று ஓடாமல் நின்றது யார்?” ஒவ்வொருவரும் ஒரு பெயராவது சொல்ல வேண்டும். காரணத்தையும் பேசுவோம்: பயமா, உடம்பு சரியில்லையா, சேர்த்துக்கொள்ளவில்லையா. கால் ஊனமுற்ற குழந்தை என்றால் புள்ளி எழுத உட்கார வைப்பதில்லை. அந்தக் குழுவே உட்கார்ந்து டென்னிகாய்ட் வளையம் எறிந்து பிடிக்கும். அடுத்த வாரம் யாரை எந்தக் குழுவில் விடுவது என்பதை அந்தப் பெயர்களை வைத்தே முடிவு செய்கிறோம்.